விட்டு விட்டு மக்கர் பண்ணும் படகு எஞ்சின்: பேட்டரியா, செல்ஃபா, கேபிளா, மெக்கானிக்கா?

"அண்ணே, காலைல எடுத்துச்சு. வலையைப் போட்டுட்டு எஞ்சினை அணைச்சுட்டுக் கிடந்தோம். திரும்ப சாவியைத் திருப்புனா 'டக்'னு ஒரு சத்தம், அவ்வளவுதான். நாலஞ்சு தடவை திருப்புன பிறகு ஒண்ணுமே நடக்காத மாதிரி எடுத்துருச்சு. புது செல்ஃப் போட்டுரவா, இல்ல பேட்டரியை மாத்தவா?"

மும்பையில் படகை நம்பிப் பிழைக்கும் நம் ஆட்கள் அதிகம் கேட்பது இந்தக் கேள்விதான். சசூன் டாக்கில் வந்து கட்டும் குமரிக் கடற்கரை விசைப்படகுக்காரர்கள் கேட்கிறார்கள். பாவுச்சா தக்காவில் பயணிகள் படகு ஓட்டுபவர்களும், மார்வே, வெர்சோவா பக்கம் அவுட்போர்டு (படகின் பின்னால் வெளியே மாட்டும் எஞ்சின்) மாட்டிய சின்னப் படகு வைத்திருப்பவர்களும் கேட்கிறார்கள். கையில் செலவழிக்கக் கொஞ்சம் பணம் இருக்கிறது, அதை எந்தப் பக்கம் போடுவது என்பதுதான் குழப்பம்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அளந்து பார்க்காமல் எதையும் மாற்றாதீர்கள். விட்டு விட்டு வரும் பழுது, ஸ்பேனர் பட்டாலே கொஞ்ச நாள் ஒளிந்துகொள்ளும். செல்ஃபை, அதாவது எஞ்சினைச் சுற்றி எழுப்பும் ஸ்டார்ட்டர் மோட்டாரை, கழற்றும்போது கேபிளையும் கழற்றுகிறோம். லக்கை (கேபிள் முனையில் இருக்கும் உலோக வளையம்) துணியால் துடைத்து, நட்டை இறுக்கி மாட்டுகிறோம். எஞ்சின் உடனே எடுக்கிறது. பெயர் புது செல்ஃபுக்குப் போகிறது, ஆனால் வேலை செய்தது அந்தத் துடைப்பு. உப்புக்காற்றில் இரண்டு வாரம் போனால் பழைய 'டக்' திரும்பி வரும்.

## முதலில் இதைப் பிரித்துக்கொள்ளுங்கள்

'ஸ்டார்ட் ஆகவில்லை' என்பதில் இரண்டு விதம் உண்டு. செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பற்றவில்லை என்றால் அது எரிபொருள் பக்கத்துக் கோளாறு. டீசலில் லைனில் ஏர், ஃபில்டரில் தண்ணீர், டீசலை அடைத்துத் திறக்கும் ஸ்டாப் சொலினாய்டு முழுதாகத் திறக்காதது ஆகியவற்றைப் பாருங்கள். பெட்ரோல் அவுட்போர்டில் டேங்க் மூடியின் காற்றுத் திருகு, கையால் அமுக்கும் ரப்பர் பல்பு, பிளக், பாதுகாப்புக் கயிற்றின் கிளிப் ஆகியவற்றைப் பாருங்கள். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பாதி டேங்கோடு வாரக்கணக்கில் சும்மா நின்ற படகில் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்து நிற்கலாம். அந்த வகைக்குச் செல்ஃபும் பேட்டரியும் மருந்தல்ல.

இங்கே பேசுவது இரண்டாவது வகை: சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுற்றவே இல்லை, அல்லது முக்கி நின்றுவிடுகிறது.

அதிலும் ஓர் எச்சரிக்கை. 'டக்' என்ற லேசான சத்தமாக இல்லாமல், 'டங்' என்று கனமாக ஒரு இடி விழுந்து எஞ்சின் நின்றால் மேற்கொண்டு சாவியைத் தொடாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருக்கலாம். தண்ணீர் அமுங்காது. பலமான பேட்டரியும் புது செல்ஃபும் போட்டு முறுக்கினால் கனெக்டிங் ராடு வளையும். நாசிலை (டீசல் தெளிக்கும் இன்ஜெக்டர்) கழற்றி, கையால் எஞ்சினைச் சுற்றிப் பார்த்த பிறகுதான் அடுத்த வேலை.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதல் கேள்வி: வேலை முடிந்ததும் பழுது போய்விட்டது என்று நிச்சயமாகச் சொல்ல முடியுமா? இதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறேன். எப்போதும் ஸ்டார்ட் ஆகாத எஞ்சினால் ஆபத்தில்லை, அது கரையிலேயே கிடக்கும். பாதி நாள் எடுக்கும் எஞ்சின்தான் ஆளைக் கடலுக்குக் கூட்டிப்போய் விடும்.

இரண்டாவது: நின்றால் எங்கே நிற்கும்? மும்பைத் துறைமுகத்துக்குள் என்றால் நவ சேவா போகும் கன்டெய்னர் கப்பல்களின் பாதை குறுக்கே வரும். அந்தக் கப்பல்களால் சட்டென்று திரும்பவோ நிற்கவோ முடியாது. க்ரீக்குக்குள் என்றால் ஓதம்தான் எதிரி. இங்கே பெரிய ஓத நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் 4 மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். ஒரு மணி நேரம் எஞ்சின் எடுக்கவில்லை என்றால் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும்.

மூன்றாவது: எத்தனை நாள் தொழில் போகும்? நான்காவது பணம். சாமானின் விலை மட்டும் பணம் அல்ல. நங்கூரம் போட்ட படகுக்கு மெக்கானிக்கை ஏற்றிப்போகும் ஹோடி (சின்னப் படகு), காத்திருக்கும் ஆட்களின் படி, உருகும் ஐஸ் எல்லாம் அந்தக் கணக்கில் சேர வேண்டும்.

## வழி ஒன்று: பேட்டரியை மாற்றுவது

எல்லாரும் முதலில் செய்வது இது, காரணம் எளிது என்பதால். கடைக்குப் போனோம், வாங்கினோம், மாட்டினோம்.

நல்ல 12 வோல்ட் பேட்டரி முழு சார்ஜில், சில மணி நேரம் ஓய்வாக இருந்த பிறகு 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 24 வோல்ட் படகில் இரண்டு பேட்டரி தொடராக இருக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளக்க வேண்டும், ஒன்று மட்டும் செத்திருக்கலாம். ஆனால் ஓய்வில் 12.6 காட்டுவது சாட்சியம் ஆகாது. செல்ஃப் இழுக்கும்போது எவ்வளவு நிற்கிறது என்பதுதான் பேட்டரியின் குணம். 9.6-க்குக் கீழே விழுந்தால் சந்தேகப்படலாம். அப்போதும் முழு சார்ஜ் ஏற்றி மறுபடி சோதித்த பிறகுதான் தீர்ப்பு. எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வரை வரவில்லை என்றால் குற்றவாளி பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் பக்கம். புதுப் பேட்டரியும் அதே வழியில்தான் சாகும்.

பேட்டரி உண்மையில் போயிருந்தால் கோளாறு பொதுவாக ஒரு ஒழுங்கோடு வரும்: இரவெல்லாம் விளக்கும் ஜிபிஎஸ்ஸும் ஓடிய பிறகு காலையில் முக்கும், நாளுக்கு நாள் மோசமாகும். நின்ற இடத்திலேயே நாலாவது தடவை முழு வேகத்தில் எடுக்கிற எஞ்சினுக்குப் பேட்டரி பெரும்பாலும் காரணம் இல்லை. இடையில் அதற்கு யாரும் சார்ஜ் ஏற்றவில்லையே.

## வழி இரண்டு: செல்ஃபை சர்வீஸுக்குக் கொடுப்பது, அல்லது புதுசு

மும்பையில் இதற்கு ஒரு வசதி உண்டு. நம் விசைப்படகுகளில் பல எஞ்சின்கள் லாரி எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆண்டாப் ஹில்லுக்குப் பக்கத்திலேயே வடாலா டிரக் டெர்மினல். லாரி செல்ஃபில் கை பழகிய ஆட்டோ எலக்ட்ரீஷியன் கார்பன் பிரஷ், புஷ், பென்டிக்ஸ் (பிளைவீல் பல்லில் போய் மாட்டும் பற்சக்கரம்), சொலினாய்டு (சாவியைத் திருப்பினால் செல்ஃபுக்கு மின்சாரம் விடும் காந்த சுவிட்ச்) காண்டாக்ட் எல்லாவற்றையும் பார்த்துவிடுவார்.

செல்ஃபுக்கு உள்ளே கோளாறு இருந்தால் படகே சில அடையாளம் காட்டும். உடம்பில் சுத்தியல் பிடியால் லேசாகத் தட்டினால் எடுக்கிறது என்றால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. குளிர்ந்த எஞ்சினில் எடுத்து, ஓடி அணைத்த அரை மணிக்குள் மறுத்தால் சூட்டில் புஷ் பிடிக்கிறது அல்லது காயில் தளர்ந்திருக்கிறது. 'விர்ர்' என்று செல்ஃப் மட்டும் சுற்றி எஞ்சின் அசையவில்லை என்றால் பென்டிக்ஸ். 'கரகர'வென்று அரைத்தால் பிளைவீல் பல்லையும் பாருங்கள். எஞ்சின் அணையும்போது பெரும்பாலும் அதே சில நிலைகளில்தான் நிற்கும், ஆகவே அந்த இடத்துப் பற்கள் மட்டும் தேயும். பல் தேய்ந்த பிளைவீலில் புது செல்ஃப் மாட்டினால் அதன் பல்லும் சீக்கிரம் போகும்.

மறைமுகச் செலவு இதில் நிறைய. பல படகுகளில் செல்ஃப் அடியில், படகின் அடித்தளத்தில் தேங்கும் பில்ஜ் தண்ணீர் தெறிக்கும் உயரத்தில் இருக்கும். துருப்பிடித்த போல்ட் உடைந்தால் ஒரு நாள் வேலை மூன்று நாளாகும். பெட்ரோல் இன்போர்டு (எஞ்சின் உள்ளேயே இருக்கும்) படகு வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை: கார் செல்ஃபை அங்கே மாட்டவே கூடாது. படகுக்கென்று செய்த செல்ஃபில் உள்ளே வரும் தீப்பொறி வெளியே ஆவியைப் பற்றவைக்காதபடி அடைப்பு இருக்கும். கார் செல்ஃபில் அது கிடையாது. மூடிய எஞ்சின் அறையில் பெட்ரோல் ஆவி தேங்கியிருக்கும்போது அந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது.

## வழி மூன்று: கேபிள், எர்த், சாவி வயர்

விலை குறைவு, பலன் அதிகம், ஆனால் கண்ணுக்குத் தெரியாத வேலை என்பதால் யாரும் விரும்பிச் செய்வதில்லை. உப்புத் தண்ணீர்ப் படகில் விட்டு விட்டு வரும் 'டக்'குக்கு நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

கணக்கு இது. டீசல் எஞ்சினை எழுப்ப செல்ஃப் நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுக்கும். 200 ஆம்பியர் ஓடும் பாதையில் ஓம் ஒன்றில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே 2 வோல்ட் வழியில் போய்விடும். சாதாரண மீட்டரில் ஓம் வைத்துப் பார்த்தால் அந்தத் தடை தெரியவே தெரியாது. பஸர் 'பீப்' அடிக்கும், கேபிள் நல்லா இருக்கு என்பார்கள். விளக்கும் பிரகாசமாக எரியும், விளக்குக்கு ஓரிரு ஆம்பியர் போதுமே.

கேபிளைக் கையில் எடுத்துப் பாருங்கள். லக் மேலே பளபளப்பாக இருக்கும். லக்குக்குப் பக்கத்தில் உறையைக் கீறினால் உள்ளே செம்பு கறுப்பாகவோ பச்சைப் பொடியாகவோ வரும். உப்பு ஈரம் செம்புக் கம்பிகளுக்கு நடுவே திரி எண்ணெய் இழுப்பதுபோல் ஏறியிருக்கும், சில கேபிளில் ஓர் அடி தாண்டியும். வெல்டிங் கேபிளைப் பேட்டரி கேபிளாகப் போட்ட படகுகளில் இது சீக்கிரம் வரும். வெள்ளீயம் பூசிய செம்புக் கேபிளும், பசை உள்ள சுருங்கும் டியூபும், அச்சு வைத்து அழுத்திய லக்கும் போட்டால் பல வருஷம் கவலையில்லை.

எர்த் பக்கம் இன்னும் கவனம் வேண்டும். ஜூன், ஜூலை தடைக்காலத்தில் எஞ்சினுக்குப் பெயிண்ட் அடிப்போம். பெயிண்டுக்கு மேலேயே எர்த் லக்கை வைத்து இறுக்கிவிட்டால் தொடுவது போல்ட்டின் மரை மட்டும்தான். ஆகஸ்டில் கடலுக்குப் போனதும் கோளாறு தொடங்கும். 'இப்பத்தான் எல்லாம் புதுசா செஞ்சோமே' என்று வருத்தப்படுவார்கள். லக் உட்காரும் இடத்தை இரும்பு தெரியச் சுரண்டி, இறுக்கிய பிறகு மேலே வாஸ்லின் பூசுங்கள். ஸ்டெயின்லெஸ் வாஷரை லக்குக்கு அடியில் போடாதீர்கள். ஸ்டெயின்லெஸ் மின்சாரத்தை நன்றாகக் கடத்தாது. லக் உலோகத்தில் நேராக உட்காரட்டும், வாஷர் மேலே போகட்டும்.

'டக்' சத்தம்கூட வரவில்லை என்றால் தேட வேண்டியது சாவியிலிருந்து சொலினாய்டுக்குப் போகும் சின்ன வயர், ஃபியூஸ், நியூட்ரல் சுவிட்ச் (கியர் நியூட்ரலில் இருந்தால்தான் செல்ஃபைச் சுற்றவிடும் சுவிட்ச்). கியர் லிவரை லேசாக ஆட்டினால் எடுக்கிறதா? நியூட்ரல் சுவிட்ச். மழை பெய்த மறுநாள் மட்டும் வருகிறதா? சாவி அல்லது வழியில் இருக்கும் கப்ளர். வீல்ஹவுஸ் தூரத்தில் உள்ள படகில் அந்த நீண்ட வயரின் முடிவில் 7, 8 வோல்ட்தான் வந்து சேரும். எஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு ரிலே (கொஞ்ச மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வைத்தால் பல படகுகளில் இந்தத் தொல்லை அத்தோடு தீரும்.

## வழி நான்கு: மீட்டரை மாட்டிவிட்டுப் பழுதைப் பிடிப்பது

லாமிங்டன் ரோட்டில் ஆயிரம் ரூபாய்க்குள் நல்ல டிஜிட்டல் மீட்டர் கிடைக்கும். கோளாறு வரும் அந்த நிமிஷத்தில் மீட்டர் இணைந்திருக்க வேண்டும், அதுதான் இதன் உயிர். எஞ்சின் நன்றாக எடுக்கும்போது எத்தனை தடவை அளந்தாலும் முழுப் பதில் வராது.

கியர் நியூட்ரலில், பெல்ட் பக்கம் யாரும் இல்லாமல், ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடிக்கட்டும். இன்னொருவர் இந்த வரிசையில் அளக்கட்டும்:

1. பேட்டரியின் இரண்டு ஈயக் கம்பங்களுக்கு நடுவே. கிளாம்பின் மேல் அல்ல, கம்பத்தின் மேல். 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி, அல்லது செல்ஃபோ எஞ்சினோ பிடித்திருக்கிறது. 12-க்கு மேல் அசையாமல் நின்றால் மின்சாரம் ஓடவே இல்லை.
2. பேட்டரி பிளஸ் கம்பத்திலிருந்து செல்ஃபின் பெரிய போல்ட் வரை. 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் கோளாறு. மீட்டர் முனையை ஒவ்வோர் இணைப்பாக நகர்த்தினால் இடமே பிடிபடும்.
3. பேட்டரி மைனஸ் கம்பத்திலிருந்து செல்ஃபின் உடம்பு வரை. இங்கே 0.3-க்கு மேல் போகக்கூடாது.
4. சொலினாய்டின் சின்ன டெர்மினல். சாவி திருப்பியும் இங்கே வோல்ட் வரவில்லை என்றால் சாவி வழி.
5. சொலினாய்டிலிருந்து மோட்டாருக்குள் போகும் இரண்டாவது பெரிய போல்ட். 'டக்' கேட்டும் இங்கே ஒன்றும் இல்லை என்றால் சொலினாய்டு காண்டாக்ட் கருகியிருக்கிறது. 12 வோல்ட் வந்தும் மோட்டார் சுற்றவில்லை என்றால்தான் செல்ஃபைக் கழற்ற வேண்டும்.

மீட்டர் ரீடிங்கையும் சாவிச் சத்தத்தையும் சேர்த்து போனில் வீடியோ எடுத்துவையுங்கள். எஞ்சின் சூடா குளிரா, மழையா, அலை அடித்த பிறகா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த வழியின் குறை நேரம். பழுது எப்போது வரும் என்று தெரியாது, அதுவரை படகைக் கரை ஓரத்தில் வைத்தே ஓட்டிப் பார்க்க வேண்டும். இன்னொன்று, ஸ்க்ரூ டிரைவரால் சொலினாய்டை ஷார்ட் செய்து எடுக்கும் பழக்கம். அது நியூட்ரல் பாதுகாப்பைத் தாண்டிவிடும். கியரில் இருந்தால் படகு பாய்ந்துவிடும். பெட்ரோல் படகில் அந்தப் பொறி ஒன்று போதும்.

## வழி ஐந்து: மெக்கானிக்கைக் கூப்பிடுவது

நல்ல மெக்கானிக்குக்குக் கொடுக்கும் காசு வீண் இல்லை. ஆனால் அவர் வரும்போது எஞ்சின் ஒழுங்காக எடுக்கும். அவர் நாலு இடத்தை இறுக்கிவிட்டு, வந்த கூலியை வாங்கிக்கொண்டு போவார். அவர் மேல் தப்பில்லை. வராத பழுதை யாரும் பிடிக்க முடியாது. மேலே சொன்ன வீடியோவும் குறிப்பும் கையில் இருந்தால் அதே ஆள் ஒரு மணி நேரத்தில் முடித்துக் கொடுப்பார். கேபிள் அழுத்தும் கருவி, லோடு டெஸ்டர் எல்லாம் அவரிடம் இருக்கும். நாம் வாங்கத் தேவையில்லை.

| வழி | பழுது போனது நிச்சயமா | போகும் நாள் | மறைமுகச் செலவு |
|---|---|---|---|
| பேட்டரி | லோடு சோதனை செய்திருந்தால் மட்டும் | அரை நாள் | ஆல்டர்னேட்டர் கோளாறு என்றால் புதுசும் போகும் |
| செல்ஃப் | ஐந்தாவது அளவு பொருந்தினால் உண்டு | ஒன்று முதல் மூன்று | உடையும் போல்ட், பிளைவீல் பல் |
| கேபிள், எர்த் | பெரும்பாலும் | ஒரு நாள் | மலிவுக் கேபிள் போட்டால் மறுபடி வேலை |
| மீட்டர் | மற்ற நான்கு வழிகளைவிடவும் அதிகம் | பழுது வரும்வரை | காத்திருப்பு |
| மெக்கானிக் | ஆதாரம் கையில் இருந்தால் | ஓதத்தைப் பொறுத்தது | ஹோடி, திரும்பத் திரும்ப வரும் கூலி |

## எந்த நிலைமையில் எது

சீசன் நடுவில், நவம்பர் மாதிரி மீன் படும் நேரத்தில் என்றால், ஒரு காலைப் பொழுதை ஒதுக்கி எல்லா லக்கையும் கழற்றிச் சுரண்டி மாட்டுங்கள். அதற்கு முன்பு மீட்டர் அளவை எழுதி வையுங்கள், பிறகும் அளந்து எழுதுங்கள். இரண்டு அளவுக்கும் வித்தியாசம் இருந்தால் பழுது அங்கேதான் இருந்தது என்று நம்பலாம். வித்தியாசமே இல்லாமல் எஞ்சின் எடுத்தால் நம்பாதீர்கள், மீட்டரோடு போங்கள். பேட்டரியும் கேபிளும் சரி என்று அளவு சொன்ன பிறகு செல்ஃபுக்குச் செலவு செய்யலாம்.

மகாராஷ்டிராவில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடை. கேபிளை மொத்தமாக மாற்ற, செல்ஃபை நிதானமாகப் பிரிக்க அதைவிட நல்ல காலம் இல்லை. புது எஞ்சின் பற்றிய யோசனையை இந்த ஒரு கோளாறுக்காக எடுக்காதீர்கள். எஞ்சினின் உயிர் கம்ப்ரஷனில் இருக்கிறது, சாவியில் இல்லை.

அவுட்போர்டு வைத்திருப்பவர்களுக்குக் கயிறு இழுத்து எடுக்கும் வசதி இருந்தால் அவசரமில்லை, மீட்டர் வழியில் பொறுமையாகப் போகலாம். கயிறு இல்லாத பெரிய அவுட்போர்டு என்றால் இன்போர்டுக்குச் சொன்ன அதே கண்டிப்பு.

பயணிகள் படகுக்கு என்னிடம் ஒரே பதில்தான். காரணம் பிடிபடும்வரை ஆள் ஏற்றாதீர்கள். சனி, ஞாயிறு கூட்டம் போகும் என்பது எனக்கும் தெரியும், அந்த வருமானம் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிது என்பதும் தெரியும். அப்படியும் ஏற்றாதீர்கள். அந்த நாட்களுக்கு மெக்கானிக்கை முதல் நாளே கூப்பிடுவதுதான் மலிவு.

கடலில் இருக்கும்போதே மறுத்தால் முதலில் நங்கூரம், பிறகு சாவி. செல்ஃபை 10 விநாடிக்கு மேல் தொடர்ந்து சுற்றாதீர்கள், நடுவில் ஆறவிடுங்கள். கடல் தண்ணீர் கலந்து வெளியேறும் சைலன்ஸர் உள்ள எஞ்சின் என்றால், நீண்ட நேரம் சுற்ற வேண்டி வரும்போது கடல் தண்ணீர் வால்வை மூடிவையுங்கள். இல்லையென்றால் பம்ப் ஏற்றும் தண்ணீரைத் தள்ளப் புகை இல்லாமல் அது சிலிண்டருக்கே திரும்பும். எடுத்த உடனே வால்வைத் திறக்க மறக்காதீர்கள். எடுக்கவில்லை என்றால் விஎச்எஃப் ரேடியோவில் சேனல் 16-இல் சொல்லுங்கள், கடலோரக் காவல்படையின் 1554-ஐக் கூப்பிடுங்கள். பேட்டரி முழுதாக இறங்கும்வரை முயன்று பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று இருக்காதீர்கள், பல படகுகளில் விஎச்எஃப்பும் அதே பேட்டரியில்தான் ஓடுகிறது.